ரைபைசன் சரித்திரம்

நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் இவ்விதழில் வெளிவரும் பெரியோர் சரித்திரங்களை விரும்பிப் படித்து வருகின்றனர் என்பதை நாம் அறிவோம். புலவர், அடியார், அரசர் ஆகியோர் வரலாறுகள் முன்னர்ப் பல வந்துள்ளன. இம்முறை ஜெர்மனி தேசத்து மலைநாட்டுச் சிற்றூர்களில் ஊர்த் தலைவராயிருந்து, ஏழைக் குடியானவர்களின் கடன் துயரத்தைத் தீர்க்க வழி கண்ட ஒருவரது சரித்திரத்தை எழுதப் புகுந்தோம். அவர் பெயர் பிரீட்ரிக் வில்லெல்ம் ரைபைசன். நம்மூர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஒரு முறையேனும் பயிர்க்கடன் பெற்றவர் எவரும், அறிந்தோ அறியாமலோ, இவருக்குக் கடமைப்பட்டவரே யாவர். அங்ஙனமிருந்தும் நம் மாணவர்களிற் பெரும்பாலார் இவர் பெயரைக் கேட்டதில்லை. சென்ற ஆண்டு எம் வகுப்பில் வினவியபோது, அஃதொரு மருந்தின் பெயர் என்று ஒரு சிறுவன் விடை பகர்ந்தான்.

ரைன் என்னும் பேராற்றின் கீழ்கரையில், கோப்லென்ஸ் நகருக்கு வடகிழக்கே, வெஸ்டர்வால்ட் என்னும் மேட்டு நிலம் பரந்துள்ளது. நம் நீலகிரி, கொடைக்கானல் போன்று வானளாவிய மலையன்று. எனினும் குளிர்காற்று ஓயாது வீசுவதும், பனி நெடுநாள் கிடப்பதும், மண் வளங் குன்றியதுமான நாடு. கோதுமை நன்கு விளையாது. கம்பு, கேழ்வரகை நம்பி வாழும் நம் மேட்டு நிலத்தார் போல, அந்நாட்டுக் குடிகள் ஓட்ஸும் ரை என்னும் புன்செய்த் தானியமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டுக் காலங்கழித்தனர். தந்தை நிலத்தை மக்கள் பங்கிட்டுக் கொள்ளும் வழக்கம் அப்பக்கத்தில் மிகுதி. ஆதலின் தலைமுறை தோறும் நிலம் துண்டு துண்டாகி, ஒரு குடும்பத்தின் பல சிறு துண்டுகள் பல திசைகளிற் கிடந்தன. இது நம்மவர்க்கு விளக்க வேண்டுவதன்று.

இந்நாட்டில் சீக் ஆற்றங்கரையிலுள்ள ஹாம் என்னும் சிற்றூரில், 1818-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் ரைபைசன் பிறந்தார். உடன்பிறந்தார் ஒன்பதின்மரில் இவர் ஏழாமவர். தந்தையார் வேளாண் தொழிலுடையவர். சில காலம் அவ்வூர்த் தலைமையும் வகித்தவர். பின்னர்க் குடும்பம் தளர்ந்து போகவே, மக்களை வளர்க்கும் பாரம் தாயார் மேல் வீழ்ந்தது. உயர்தரப் பள்ளிக்கு இவரை அனுப்பப் பொருளில்லை. ஊர்ப் பள்ளிப் படிப்பு முடிந்தபின், அவ்வூர்ப் பாதிரியாராகிய சைப்பல் என்பார் தம் இல்லத்திலேயே சில ஆண்டுகள் இவருக்குக் கல்வி புகட்டினார். சம்பளம் வாங்காது திண்ணையிலிருந்து பாடஞ் சொன்ன நம் பழைய ஆசிரியர்களை இஃது எமக்கு நினைப்பூட்டுகின்றது.

பதினேழாம் வயதில் இவர் பிரஷிய அரசின் படையிற் சேர்ந்தார். கொலோன் நகரில் பீரங்கிப் படையிலும், பின்பு சாய்ன் என்னும் இடத்து இரும்பாலையிற் படைக்கலங்களைப் பரிசோதிக்கும் வேலையிலும் இருந்தார். ஆண்டுதான் கண்ணோய் இவரைப் பற்றியது. அந்நோய் இறுதிவரை நீங்கவில்லை. 1843-இல் படையைவிட்டு விலகிக் குடியியல் உத்தியோகத்திற் புகுந்தார். மாயன் என்னும் ஊரில் எழுத்தராய்ச் சிறிது காலம் பணி செய்தபின், 1845-இல் வெயர்புஷ் என்னும் வட்டத்துக்குத் தலைவராக நியமனம் பெற்றார். அப்போது வயது இருபத்தாறு. அவ்வாண்டே எமிலி என்னும் மங்கையை மணந்தார்.

அக்காலத்துப் பிரஷியாவில் ஊர்த் தலைவர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவரல்லர். அரசினர் நியமித்த அலுவலர். நம் பழைய மணியக்காரருக்கும் தாசில்தாருக்கும் இடைப்பட்ட பதவி என்று கொள்ளலாம். வெயர்புஷ் வட்டத்தில் இருபதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் இருந்தன. எங்கும் வறுமை. ரைபைசன் முதலிற் பள்ளிக்கூடம் கட்டுவதில் முனைந்தார். அடுத்து வழி அமைப்பதில் கருத்தூன்றினார். மேட்டு நிலத்தில் விளைந்த கிழங்கையும் வெட்டிய மரத்தையும் ரைன் ஆற்றங்கரைச் சந்தைக்குக் கொண்டு செல்ல நல்ல பாதை இல்லை. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சளவு புதைந்து நிற்கும். பாதை இல்லாத ஊரில் விளைபொருளுக்கு வியாபாரி சொன்னதே விலை என்பதை அவர் கண்டறிந்தார். வெயர்புஷிலிருந்து பிளாமர்ஸ்பெல்ட் வழியாக நாய்வீட் நகருக்கு இவர் தொடங்கிய சாலை, பிற்காலத்தில் இவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

இவர் பதவியேற்ற காலத்தில் ஐரோப்பா முழுதும் உருளைக்கிழங்கு அழுகல் நோய் பரவிற்று. 1846-இல் தானிய விளைவும் பொய்த்தது. அவ்வாண்டுக் குளிர்காலம் வந்தபோது வெயர்புஷ் வட்டத்து ஏழைகள் இல்லங்களில் உண்ண ஒன்றுமில்லை. ரொட்டி விலை ஏறிக்கொண்டே சென்றது. ரைபைசன் மேலதிகாரிகளுக்கு எழுதித் தானியம் வருவித்தார். வந்தது தானியம், உடன் வந்தது ஓர் உத்தரவு. ரொக்கம் கொடுப்பவர்க்கே தானியத்தை விற்க வேண்டும், கடனாகக் கொடுத்தலாகாது என்பதே அவ்வுத்தரவு. பட்டினி கிடப்பவன் கையில் ரொக்கம் ஏது? உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தால் தானியம் களஞ்சியத்திற் கிடக்கும், மக்கள் மடிவர். கீழ்ப்படியாவிடின் உத்தியோகம் போம். மனைவியும் கைக்குழந்தையும் உடைய அவ்விளைஞர் உத்தரவை மீறத் துணிந்தார். ஊரிலுள்ள பொருளுடையாரைக் கூட்டி ஒரு நிதி திரட்டினார். தானியத்தை ஏழைகளுக்குக் கடனாகவே அளித்தார். ஊர்ப்பொதுவில் ஓர் அடுப்புமனை கட்டுவித்து ரொட்டி சுடச் செய்தார். பொது அடுப்பில் வெந்த ரொட்டி, கடைவிலையிற் பாதியளவுக்குக் கிடைத்தது. கடைக்காரரும் விலையை இறக்க நேர்ந்தது. வசந்தம் வந்தபோது விதைக்கிழங்கையும் மொத்தமாக வாங்கி உதவினார்.

அறுவடையானபின் மக்கள் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தனர். ஏழைக்குக் கடன் கொடுத்தால் வாராது என்று கூறிய பெரியவர்கள் வாயடைத்தனர். இந்நிகழ்ச்சி ரைபைசன் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஆயினும் அதன் முழுப் பொருளையும் அப்போதே அவர் உணர்ந்தார் என்று சொல்வதற்கில்லை. உணர்வதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயின. அவ்விடைக்கால வரலாறே இச்சரித்திரத்தில் நாம் ஊன்றி நோக்கத் தக்கது.

1848-இல் அவர் பிளாமர்ஸ்பெல்ட் என்னும் பெரிய வட்டத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே பசி இல்லை. அதனினுங் கொடிய வேறொன்று இருந்தது. அஃது மாட்டுக் கடன். சிறு குடியானவனுக்குப் பசுதான் பால் தருவது, உரம் தருவது, ஏரிழுப்பதும் சில இடங்களில் அதுவே. பசு இறந்துவிடின் மறு பசு வாங்க அவனிடம் பணமிராது. மாட்டு வியாபாரி ஒருவன் வருவான். தன் பசுவைக் கொட்டிலிற் கட்டுவான். தீனி போடுவதும் பேணுவதும் குடியானவன் பொறுப்பு; பசு வியாபாரியின் உடைமை; ஈனும் கன்றிலும் அவனுக்குப் பங்கு. நம் பக்கத்தில் வாரத்துக்கு மாடு விடுதல் என்று வழங்கும் முறையே இது. நல்ல மனத்தார் இருவரிடையே அது நேர்மையாகவும் நடக்கலாம். ஆனால் அங்கே வியாபாரி வேண்டும்போது பசுவை ஓட்டிச் சென்று வேறொன்றைக் கட்டுவான். கணக்கு அவன் கையில். வட்டி வட்டியை ஈனும். சில ஆண்டுகளில் கொட்டிலோடு நிலமும் போய்விடும்.

1849-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ரைபைசன் பிளாமர்ஸ்பெல்டில் ஓர் உதவிச் சங்கத்தை நிறுவினார். வசதியுள்ள அறுபதின்மர் அதில் உறுப்பினராகித் தம் உடைமை முழுவதையும் பிணையாக வைத்தனர். அப்பிணையின் பேரில் வெளியே பணம் கிடைத்தது. அப்பணத்தால் சங்கம் மாடு வாங்கி ஏழைக் குடிகளுக்கு அளித்தது. அவர்கள் ஐந்தாண்டுகளில் தவணை தவணையாகத் தொகையைச் செலுத்தி மாட்டைத் தமதாக்கிக் கொண்டனர். பின்னர்ச் சங்கம் பணமாகவும் கடன் கொடுக்கத் தொடங்கிற்று.

1852-இல் ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊருக்கு இவர் மாற்றப்பட்டார். இவ்வூர் ரைன் கரையில் நாய்வீட் நகரை அடுத்துள்ளது. 1854-இல் இங்கும் ஒரு தருமச் சங்கம் கண்டார். இதன் நோக்கங்கள் பல: ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தல், சிறையினின்று மீண்டோர்க்கு வேலை தேடித் தருதல், ஏழைகட்கு மாடு வாங்கிக் கொடுத்தல், கடன் அளித்தல். எல்லாம் நல்லனவே. ஆனால் ஒரு சங்கம் இத்தனையையும் சுமக்கவியலாது என்பது விரைவிற் புலப்பட்டது. ஒவ்வொன்றாக உதிர்ந்து, இறுதியிற் கடன் கொடுத்தல் ஒன்றே நிலைத்து நின்றது. (நம் சங்கத்தின் ஆண்டறிக்கைகளைப் பழைய கட்டிலிருந்து எடுத்துப் படித்துப் பார்த்தோமானால் நாமும் சிறிது நகைக்க இடமுண்டு.)

இதனினும் பெரியதொரு துன்பம் அவரை எதிர்நோக்கி நின்றது. முதலிற் பேரார்வத்தோடு பிணையாக வந்த செல்வர்கள் மெல்ல மெல்ல விலகலாயினர். அவர்களைப் பழிப்பதற்கில்லை. கடன் வாங்கும் பயன் ஒருவனுக்கு, கடன் முறிந்தால் வரும் நட்டம் மற்றொருவனுக்கு என்னும் ஏற்பாடு எத்தனை காலம் நிற்கும்? இரக்கத்தால் எழுந்த சங்கம் இரக்கம் தணியத் தணியத் தானும் தேய்வது இயல்பு. பக்தி மிக்க கிறிஸ்தவராகிய ரைபைசனோ, அயலாரிடத்து அன்பு செலுத்தல் என்னும் தம் சமயக் கட்டளையே சங்கத்துக்குப் போதிய அடிப்படை என்று உறுதியாக நம்பியிருந்தவர். அந்நம்பிக்கையின் ஒரு பகுதியைத் தம் கையாலேயே தளர்த்த வேண்டிய நிலை வந்தது. அவர் எளிதில் இசையவில்லை. உறுப்பினரே கடன் பெறலாம் என்னும் முறையை நகரத்துக் கைத்தொழிலாளரிடையே ஷூல்சே-டெலிட்ச் என்பார் முன்னமே நடத்தி வந்தார். அதை ஏற்பதற்கு ரைபைசன் நெடுநாள் தயங்கினார்.

1862-இல் ஹெட்டஸ்டார்ப்பை அடுத்த அன்ஹௌசன் என்னும் சிற்றூரில் எழுந்த கடன் சங்கத்தில் கடன் வேண்டுவோர் தாமே உறுப்பினராயினர். 1864-இல் ஹெட்டஸ்டார்ப்புச் சங்கமும் அவ்வாறே மாற்றப்பட்டது. இங்ஙனம் தருமம் செய்வோர் ஒருபுறமும் பெறுவோர் ஒருபுறமும் நின்ற நிலை மாறிற்று. வேளாண்மை என்னும் நம் தமிழ்ச் சொல்லுக்கு உழவு என்றும் உபகாரம் என்றும் இரு பொருளுண்டு. அவ்விரு பொருளும் ஒருவனிடத்தே வந்து கூடின என்று நாம் சொல்லிக் கொள்வோம்.

இச்சங்கங்கள் நடந்த முறையைச் சிறிது விரித்துரைப்போம். ஒரு சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூர் அல்லது சில சிற்றூர். ஒருவரையொருவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. இன்னான் உழைப்பாளி, இன்னான் குடிகாரன், இன்னான் வாங்கிய பணத்தை விதைக்குச் செலவிடாது விருந்துக்குச் செலவிடுவான் என்பது ஊராருக்குத் தெரியும், பட்டணத்து வங்கிக்குத் தெரியாது. கடன் பயன்தரும் செயலுக்கே கொடுக்கப்படும். திருப்பிச் செலுத்தும் காலம், விளைவு கைக்கு வரும் காலத்தை நோக்கி நெடிதாக வைக்கப்படும். பசு வாங்கியவனை மூன்று மாதத்திற் பணங்கட்டச் சொன்னால் அவன் அப்பசுவையே விற்கவேண்டும் அன்றோ? நிர்வாகிகளுக்குச் சம்பளமில்லை, கணக்கர் ஒருவருக்கே ஊதியம். இலாபத்தைப் பங்கிடுதல் இல்லை. அது பிரிக்கவொண்ணாத பொது நிதியாகச் சேர்ந்து, தலைமுறை கடந்தும் சங்கத்துக்கே உரியதாய் நிற்கும். ஊராருடைய சிறு சேமிப்பையும் சங்கம் ஏற்று வட்டி தந்தது. இதனால் ஊர்ப்பணம் ஊரிலேயே சுழன்றது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உறுப்பினர் ஒவ்வொருவரும் சங்கத்தின் கடன் முழுவதற்கும் தம் உடைமை முழுவதாலும் பொறுப்பாவர் என்பது விதி. வரம்பில்லாப் பொறுப்பு என்று இதனைக் கூட்டுறவு நூலார் கூறுவர். இவ்விதியைப் படித்தபோது எமக்கு உடல் நடுங்கியதென்பதை மறைக்கமாட்டோம். நாம் சிறுவராயிருந்த காலத்தில் எம் தந்தையார் உறவினர் ஒருவருக்காகப் பிராமிசரி நோட்டில் பிணைக் கையொப்பம் இட்டார். உறவினர் ஊரைவிட்டு அகன்றார். கடன் கொடுத்தவர் எம் தந்தையார் மேல் வழக்குத் தொடுத்தார். கிணற்றடி நிலம் கைவிட்டுப் போயிற்று. அன்று முதல் எங்கள் இல்லத்தில் பிணை என்னுஞ் சொல்லை எவரும் வாயால் உச்சரிப்பதில்லை. ஆகவே ஊரார் கடனுக்கெல்லாம் ஒருவன் பொறுப்பு என்பது கேட்க அச்சந் தருவதே.

ஆயினும் ஆராய்ந்து பார்க்குமிடத்து இரண்டிற்கும் வேற்றுமை உண்டு. எம் தந்தையார் தனியொருவராய்க் கையொப்பமிட்டார். அப்பணம் எதற்குச் செலவாகிறதென்று கேட்கும் உரிமை அவருக்கில்லை, கணக்குப் பார்க்கும் வாய்ப்பும் இல்லை. ரைபைசன் சங்கத்திலோ எல்லாரும் எல்லாருக்கும் பிணை. ஒருவன் கடனை முறித்தால் அனைவர் நிலத்துக்கும் ஆபத்து. ஆகையால் கடன் கொடுக்குமுன் ஊரே கூடி ஆராயும். கொடுத்தபின் ஊரே கண்காணிக்கும். ஏழை ஒருவனுடைய அரைக் காணி நிலம் வெளியார் கண்ணிற் பிணையாகாது; நூறு ஏழைகளின் அரைக் காணிகள் ஒன்றாகக் கட்டப்பட்டால் பட்டணத்து வங்கியும் குறைந்த வட்டிக்குப் பணம் தரும். அச்சமே காவலாயிற்று. இதைக் கண்டதே ரைபைசனுடைய தனித்திறம் என்பது எம் கருத்து.

வெளியே இவர் முயற்சி தழைத்து வந்தது. இல்லத்திலோ துயரம் சூழ்ந்தது. பிள்ளைகள் எழுவருள் மூவர் இளமையிலேயே இறந்தனர். 1863-இல் மனைவி எமிலியும் காலமானார். அதே காலத்தில் நச்சுக் காய்ச்சல் கண்டு இவரும் நலிவுற்றார், கண்ணோய் மிகுந்தது. 1865-இல், நாற்பத்தேழாம் வயதில், உடல்நலமின்மையால் உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெறலானார். ஓய்வூதியம் சொற்பம். குடும்பம் நடத்தும்பொருட்டுச் சுருட்டுச் செய்யும் தொழிலொன்றைத் தொடங்கினார். அது பயன்படாமையால் திராட்சை மது வாணிகம் செய்தார். ஊருக்கெல்லாம் வட்டிச் சுமையைக் குறைத்தவர், தம் சங்கங்களினின்று தமக்கென்று பொருள் தேடிக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற மறு ஆண்டே, 1866-இல், தம் அனுபவம் முழுவதையும் திரட்டிக் கிராமக் கடன் சங்கங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சங்கம் அமைப்பது எவ்வாறு, விதிகள் எவை, கணக்கெழுதுவது எங்ஙனம் என்பனவற்றை ஊர்ப் பள்ளி ஆசிரியரும் பாதிரியாரும் படித்துச் செய்யத்தக்க வகையில் அது விளக்கிற்று. அவர் காலத்திலேயே ஐந்து பதிப்புக்கள் வந்தன. இந்நூலைக் கொண்டே முன்பின் அறியாத ஊர்களிலெல்லாம் சங்கங்கள் எழுந்தன.

கண்பார்வை ஏறக்குறைய இழந்த ஒருவர் நூல் திருத்தியதும், நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதியதும், ஊரூராய்ச் சென்றதும் எவ்வாறு? அவர் மூத்த மகள் அமாலியின் துணையால். பெயர் விளங்கிய ஆடவர் சரித்திரங்களில் இத்தகைய பெண்மக்கள் ஓரிரு வரியோடு மறைந்துவிடுவர். அங்ஙனம் செய்ய எமக்கு மனமில்லை. பசிக்கொடுமை தொடங்கிய 1846-ஆம் ஆண்டில் வெயர்புஷில் பிறந்தவர் அவர். தந்தை சொல்ல எழுதினார், வந்த கடிதங்களைப் படித்துக் காட்டினார், கணக்குக்களைச் சரிபார்த்தார், அவர் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். 1868-இல் தந்தை மறுமணம் புரிந்தபின்னும் இப்பணி அவருடையதாகவே இருந்தது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தந்தையார் தம் மகளின் வாழ்வைத் தம் பணிக்கு ஈடாகக் கொண்டார் என்று சொல்வார் உளர். அதை மறுக்க எமக்கு ஆற்றலில்லை. நம் இல்லங்களிலும் முதியோர் நோய்க்கும் தம்பியர் படிப்புக்கும் தம் மணத்தைத் தள்ளி வைத்த தமக்கையர் உளர். இதனைப் படிக்கும் சிலருக்கு அவர் முகம் நினைவில் வரும்.

சங்கங்கள் பெருகவே ஒரு புதிய இடர் தோன்றிற்று. ஓர் ஊரில் பணம் தேங்கி நிற்கும். மற்றோர் ஊரில் பணமின்றித் தவிப்பர். மேலும் ஓர் ஊரில் ஆலங்கட்டி மழை பெய்து பயிரழிந்தால் அவ்வூர்ச் சங்கத்தார் எல்லாரும் ஒரே காலத்தில் தளர்வர். தம்முள் தாமே தாங்கிக் கொள்ள இயலாது. இதற்காகச் சங்கங்களுக்கெல்லாம் ஒரு மத்திய வங்கியை 1872-இல் நாய்வீடில் ஏற்படுத்தினார். ஷூல்சே-டெலிட்ச் இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவர் நகரத்துச் சங்கங்களுக்குத் தலைவர், சட்டம் வல்லவர், பாராளுமன்றத்தில் இடம் பெற்றவர். பங்குத்தொகை இல்லாத சங்கம் அடித்தளமில்லா வீடு என்றும், குறுகிய காலத்தில் திரும்பக் கேட்கக்கூடிய வைப்புத் தொகையை நீண்ட காலக் கடனாகக் கொடுத்தல் ஆபத்து என்றும், பொறுப்பின் மேற் பொறுப்பை அடுக்கும் மத்திய வங்கி சட்டத்துக்கு ஒவ்வாது என்றும் அவர் வாதித்தார். நடுநின்று நோக்கின் அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ரைபைசன் அம்மத்திய வங்கியைக் கலைத்து, 1876-இல் வேறு வடிவில், பங்குக் கம்பெனியாக, மறுபடியும் அமைத்தார். சங்கங்களில் பங்கு வைக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது, ஏழையும் செலுத்தத்தக்க மிகச் சிறு தொகையாக அதனை ஆக்கினார். நீண்ட காலக் கடன் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1877-இல் சங்கங்கள் அனைத்தையும் இணைத்து ஒரு பேரவை கூட்டினார்.

சரித்திரம் எழுதுவோர் குற்றத்தையும் மறைத்தலாகாது. வட்டித்தொழிலின் கொடுமையைப் பேசுமிடத்து, அக்காலத்து ஐரோப்பியர் பலரைப் போன்று ரைபைசனும் யூத இனத்தாரைப் பொதுவாகப் பழித்து எழுதியதுண்டு. மாடு விற்றோரிலும் கடன் கொடுத்தோரிலும் யூதர் இருந்தனர், பிறரும் இருந்தனர். கொடுமை செய்தவன் ஒருவனாயின் அவனைக் குறை கூறலாம். அவன் பிறந்த குலத்தின் மேல் அதனை ஏற்றுதல் அறமாகாது. அத்தகைய பேச்சுக்கள் பெருகியதன் முடிவு, அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின் ஜெர்மனியில் என்னவாயிற்றென்பதை உலகம் அறியும். ஒரு குலத்தார் நடத்தும் இதழில் எழுதும் நாம் இவ்விடத்தைக் கண்மூடிக் கடந்து செல்லல் தகாது என்று கருதியே இதனைக் குறித்தோம்.

1888-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், எழுபது வயது நிரம்புதற்குப் பத்தொன்பது நாள் இருக்கையில், ரைபைசன் ஹெட்டஸ்டார்ப்பில் காலமானார். அப்போது அவர் பேரவையில் நானூறுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தன. ஆஸ்திரியாவில் 1886-லேயே இம்முறை புகுந்திருந்தது. சுவிட்சர்லாந்தில் 1899-இல் பிகெல்சே என்னும் ஊரில் ஒரு பாதிரியார் முதற் சங்கம் கண்டார். அவ்விரு மலைநாடுகளிலும் சிற்றூர்தோறும் ரைபைசன் பெயர் தாங்கிய வங்கிகள் பின்னர்ப் பரவின.

இனி நம் நாட்டுத் தொடர்பைக் கூறுவோம். சென்னை மாகாண அரசினர், குடியானவர் கடன் தொல்லைக்குப் பரிகாரம் தேடுமாறு பிரெடரிக் நிக்கல்சன் என்னும் சிவில் உத்தியோகஸ்தரைப் பணித்தனர். இவர் கோயம்புத்தூர் ஜில்லாவின் வரலாற்றுக் கையேட்டை 1887-இல் எழுதியவர். கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனக் குடிகளின் நிலையை நேரில் அறிந்தவர். ஐரோப்பாவின் வேளாண் வங்கிகளை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் இரு பகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். பெரியதோர் ஆராய்ச்சி அது. பல நாட்டு முறைகளை எடைபோட்ட பின், நம் சிற்றூர்களுக்கு ஏற்றது ரைபைசன் முறையே என்றும், அத்தகைய ஒருவரை இந்நாட்டிலும் தேடிக் காணவேண்டும் என்றும் முடிவுரைத்தார். சட்டத்தைவிட ஆளே முதன்மை என்பது அவர் கருத்து. அவ்வறிக்கையின் இரண்டாம் பகுதி வெளிவந்த 1897-ஆம் ஆண்டிலேயே அமாலி நாய்வீடில் இறந்தார். தந்தையின் கடிதங்களை எழுதிய அக்கை, இத்துணைத் தொலைவிலுள்ள நாட்டைப் பற்றி எண்ணியும் இருந்திராது.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்தியாவில் நிறைவேறிற்று. கிராமச் சங்கங்களுக்கு வரம்பில்லாப் பொறுப்பும், இலாபத்தைப் பொது நிதியிற் சேர்த்தலும் அச்சட்டத்தில் விதிக்கப்பட்டன. இரண்டும் ரைபைசன் வழி வந்தவை. அவ்வாண்டே அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் வேளாண் கடன் சங்கம் தோன்றியது. இப்போது அவ்வூர் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிரிட்ட சிறு குடிகளும், தரகர் சொன்ன விலைக்கு விற்றுச் சலித்தபின், கூட்டுறவு விற்பனைச் சங்கம் வாயிலாக மேட்டுப்பாளையத்துக்கு மூட்டைகளை அனுப்பலாயினர். மலை, கிழங்கு, குளிர், கடன் என்னும் நான்கும் ஒத்திருந்தமையின், வெயர்புஷ் மக்களுக்கு அவர்கள் நிலை நன்கு விளங்கியிருக்கும்.

இங்கு வந்த முறை அங்கிருந்தபடியே நிற்கவில்லை. ஜெர்மனியில் ஊராரே கூடிச் சங்கம் கண்டனர். இங்கே பதிவாளர் அலுவலகத்திலிருந்து சங்கம் ஊருக்கு வந்தது. வரம்பில்லாப் பொறுப்பு நாளடைவில் வரம்புக்குட்பட்ட பொறுப்பாயிற்று. பங்குத்தொகையும் அரசின் பணமும் பெருகின. கடன் தள்ளுபடி என்னும் அறிவிப்பு வருமா என்று காத்திருக்கும் வழக்கமும் உடன் வந்தது. வாங்கிய கடனை வெயர்புஷ் மக்கள் அறுவடையானவுடன் திருப்பிக் கொடுத்தனர் என்று மேலே எழுதினோம். அவ்வரியை எழுதும்போது எம் ஊர்ச் சங்கத்தின் நிலுவைப் பட்டியல் எம் கண்முன் நின்றது. அதில் எம் உறவினர் பெயரும் உண்டு. வறட்சியால் கொடுக்கவியலாதவர் சிலர். கொடுக்க வேண்டுவதில்லை என்று எண்ணியவர் பலர். மறுபுறம், மீட்டர் வட்டிக்காரர் வாயிலில் நிற்பவர் தொகையும் குறையவில்லை. அக்கடனை மட்டும் எவரும் தள்ளுபடிக்குக் காத்திருந்து நிறுத்தி வைப்பதில்லை.

2018-இல் ரைபைசன் பிறந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை ஜெர்மனியில் விழாவாகக் கொண்டாடினர். அதற்கு முன், 2016-இல், கூட்டுறவு என்னும் கருத்தையும் வழக்கத்தையும் ஜெர்மனியின் வேண்டுகோளின் பேரில் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஹாமில் அவர் பிறந்த இல்லமும் பிளாமர்ஸ்பெல்டில் அவர் வாழ்ந்த இல்லமும் பேணப்படுகின்றன. வெயர்புஷில் அடுப்புமனையின் நினைவாக எழுப்பிய கட்டடம் ஒன்றுண்டு.

ரைபைசனோடு நெடுநாள் வாதிட்ட ஷூல்சே-டெலிட்ச் 1883-இல் இறந்தார். நகரத்தில் தச்சரும் தையற்காரரும் சக்கிலியரும் கூடி மூலதனம் தேடிக்கொண்ட வரலாறு அவருடையது. நம் மரபினரிற் கைத்தொழில் செய்வோரும் கடை வைத்திருப்போரும் பலராதலின், அச்சரித்திரத்தை மற்றோர் இதழில் எழுதக் கருதியுள்ளோம்.